வாயால் சொல்லக்கூடாத இடம்

தம்பி வீடு, ஆற்றுக்கு மேற்கே
மார்ச் 4, சனிக்கிழமை

நலியாகாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் விழுகிறது. முதியோர் வகுப்பில் சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. என் பெயர், கடைப் பலகைகள், மருந்துச் சீட்டு, இவற்றைத்தான் இதுவரை எழுதிப் பழகியிருக்கிறேன். ஒரு ஆளுக்கு என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. காலையில் உட்கார்ந்தேன், இப்போது கோழிகள் நிழலுக்குப் போய்விட்டன. விரல் மரத்துவிட்டது. ஆனாலும் என் தம்பி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் எழுதுறியா!" என்று வியந்துவிட்டுப் போனான். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

சந்தோஷம் அவ்வளவுதான். இனி எழுதப்போவது அருவருப்பான விஷயம்.

மாமனார் தன் மகன் மனைவியிடம் வாயால் பேசக்கூடாத பேச்சுகள் உண்டு. வெளிக்குப் போகிற இடம் பற்றிய பேச்சு அதில் முதலாவது. உன் முகத்துக்கு நேராக அதைச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். உன் புருஷன் மகோகாவிடம் சொல்லலாம் என்றால் அவன் லாரியோடு எல்லையில் நிற்கிறான். போனில் கேட்டுவிட்டு "பழகிக்கங்கப்பா" என்று வைத்துவிடுகிறான். உன் அத்தையிடம் சொல்லி அனுப்பினால் பாதியிலேயே சிரித்துவிடுகிறாள். காகிதத்துக்கு வெட்கமில்லை. அதனால் காகிதத்திடம் சொல்கிறேன்.

குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவசரமாக வாழைகளுக்குப் பின்னால் போனேன். என் குழி இல்லை. நானே தோண்டி, இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த குழி. மண் போட்டு மூடி, மேலே பூசணி நட்டிருந்தாய். தையல் பிரிக்காத வயிற்றோடு, கோலை ஊன்றிக்கொண்டு, பூசணிக் கன்றுக்கு முன்னால் நான் நின்ற நிலையை நினைத்துப் பார்.

முற்றத்தில் நீலக் கதவு போட்ட புதியது ஒன்று நின்றது. உன் அத்தை சொன்னாள்: "இனிமே எல்லாருக்கும் இதுதானாம். உங்க மருமக போன்ல பாத்துக் கட்டியிருக்கா. உள்ள ரெண்டு ஓட்டை இருக்கு, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. மாத்தி உட்காந்துடாதீங்க, கோச்சுக்குவா."

எல்லாருக்குமா! நீ உட்கார்ந்த பலகையில் நான் உட்காருவதா? எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு முன் ஓட்டைக்குக் கீழே வைத்த அந்த மஞ்சள் கேன். அதில் என்ன சேர்கிறது, அது எந்தக் கீரைப் பாத்திக்குப் போகிறது என்று உன் அத்தை சொல்லி முடிக்கும்போது நான் களியும் கீரையும் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கக்கினேன். தையலில் ஒன்று பிரிந்தது.

போன் சொன்னது என்று நீ பாத்திரத்தைச் சாம்பலால் தேய்த்தாய். உன் அத்தை நாற்பது வருடமாகச் செய்வதை ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்துகாட்டியதும்தான் உனக்கு அது தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. கரித்தூளால் பல் துலக்கினாய், உன்னைப் பார்த்துத் துலக்கி என் பேத்தி நஞ்சலா ஒரு வாரம் கறுப்பாகச் சிரித்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இது அப்படி இல்லை.

என் குழியைத் திறந்து கொடு. அதுவரை இங்கேதான் இருப்பேன். இங்கே ஈ மொய்க்கிறது, நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஆனால் இது என் தம்பியின் குழி. எனக்கு வெட்கமில்லை.

கயெம்பா


சிகாலா
மார்ச் 7

மாமாவுக்கு வணக்கம்.

அத்தைதான் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார்.

"என்னடி எழுதியிருக்காரு?"

"தையல் ஆறிக்கிட்டு வருதாம் அத்தை."

"பொய்யி. தையல் சேதிக்கு உன் மூஞ்சி இப்படிப் போகாது."

நீங்கள் எழுதினதால் நானும் எழுதுகிறேன். நேரில் என்றால் நான் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க மாமா" என்றிருப்பேன். காகிதத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நவம்பர் மழையில் நஞ்சலாவுக்கு நாலு நாள் ரத்தமாகப் போனது நினைவிருக்கிறதா? சுகாதாரப் பணியாளர் வந்து உங்கள் குழியிலிருந்து கிணறுவரை நடந்து பார்த்தார். பதினோரு எட்டு. அதுவும் சரிவு கிணற்றுப் பக்கம். மறுநாள் நான் இறைத்த வாளியில் மேலே ஒரு வழவழப்பான படலம், நடுவில் வெள்ளையாக ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அந்த வாளியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதே தண்ணீரில்தான் நாம் எல்லோரும் தேநீர் குடித்தோம் மாமா. மன்னிக்க வேண்டும், சொல்லித்தான் ஆக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நீங்கள் உட்கார்ந்தது கிணற்றில்தான்.

என் கீரை அருவருப்பா, அந்த வாளி அருவருப்பா?

நான் போனில் விளையாடுகிறேன் என்று நினைக்கிறீர்கள். களையெடுத்துவிட்டு வந்து, சிக்னல் கிடைப்பதற்காகக் கறையான் புற்றின் மேல் ஏறி நின்று, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் எப்படி வாழ்வது என்று மூன்று மாதம் தேடினேன். நூறு வீடியோவில் தொண்ணூறு குப்பை. அவரையை ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்கு மாற்றுவதை அரை மணி நேரம் காட்டுகிறார்கள், அதற்காகவே கடையில் புதுப் புட்டி வாங்குகிறார்கள். எனக்கே எரிச்சலாக இருந்தது. பிறகு மலாவியில் மயமிகோ அக்கா கிடைத்தார். கையில் மண்வெட்டியோடு, ஒரு வருடம் மக்கிப்போனதை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து காட்டினார். மண் வாசனைதான் என்றார். கேள்வி கேட்டால் பதில் எழுதினார். நம் முற்றத்தில் நிற்பது அவரிடம் கற்றது. அடியில் குழியே கிடையாது. இரண்டும் கேனிலும் வாளியிலுமாகத் தனித்தனியாக விழும், மேலே சாம்பல் போடுவோம், கிணற்றுக்கு ஒரு சொட்டும் போகாது.

ஒரே பலகை கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நைரோபியில் நாங்கள் இருந்த வளவில் முப்பது அறை, இரண்டு கழிப்பறை. யார் மாமனார் யார் மருமகள் என்று பார்த்து நின்றிருந்தால் வயிறு வெடித்துச் செத்திருப்போம். உங்கள் மகனிடம் கேட்டேன். "அப்பா பழகிக்குவாரு" என்றார். எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு பதில்தான்.

உங்கள் குழியை நான் திறக்க மாட்டேன். நஞ்சலா அந்தக் கிணற்றில் குடிக்கிறாள்.

கீரையை நீங்கள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நலியாகா


தம்பி வீடு
மார்ச் 13

நலியாகாவுக்கு,

கிணற்றைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை தப்பாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம். இல்லை. பேத்திக்கு ரத்தம் போனது என்னாலா? என்னிடம் யாரும் சொல்லவில்லையே. அதை இப்போதைக்குத் தனியே எடுத்துவைத்துவிட்டு வேறொன்று கேட்கிறேன்.

நேற்று ஞாயிறு. மசிபோ வீட்டில் புசா மது காய்ச்சியிருந்தார்கள். விருத்தசேதனத்துக்காக ஒரே ஆகஸ்டில் கத்திக்கு நின்ற ஒன்பது பேரில் இப்போது நானும் மசிபோவும் உட்பட ஐந்து பேர்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐவரும் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் நாணல் குழாயைப் போட்டு உறிஞ்சுவோம். ஐம்பது வருடமாக அப்படித்தான். நேற்று நான் குழாயைப் போட்டதும் மசிபோ அதைப் பானையிலிருந்து உருவி என் மடியில் வைத்தான்.

"என்னடா இது?"

"கோவிச்சுக்காத கயெம்பா. உன் வாய் பட்ட பானையில நாங்க எப்படி வாய் வைக்கிறது?"

"என் வாய் என்னடா பண்ணுச்சு?"

"வாயில்ல. வாய்க்கு எதிர்ப்பக்கம். நீயும் உன் மருமகளும் ஒரே பலகையாமே. போன்ல ஊரே பாத்துருச்சு. அந்தப் பொண்ணே சொல்லுது."

நான் எழுந்து வந்துவிட்டேன். தம்பியின் போனை வாங்கிப் பார்த்தேன். நீதான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொல்கிறாய்: "எங்க குடும்பம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துறோம். எங்க மாமனார் உட்பட."

உட்பட! அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, நர்ஸ் வைத்த தட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

கீழே ஆட்கள் எழுதியதையும் படித்தேன். யாரும் படித்துக்காட்டவில்லை, நானே படித்தேன். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இந்தப் படிப்பு எனக்கு எதற்கு வந்தது என்று அப்போது தோன்றியது. "எவ்வளவு முற்போக்கான தாத்தா" என்று ஒருத்தி. "நம் முன்னோர்கள் இயற்கையோடு இப்படித்தான் ஒன்றாக வாழ்ந்தார்கள்" என்று ஒருவன். எந்த முன்னோர்? எங்கள் முன்னோர் ஆளுக்கொரு புதர் வைத்திருந்தார்கள், மாமனார் புதர்ப் பக்கம் மருமகள் விறகுக்குக்கூடப் போக மாட்டாள். ஒருத்தி என் பெயரைக் கேட்டிருக்கிறாள், அவளுடைய பூனைக்கு வைக்கவாம். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு இதயம். அந்த இடத்துக்குக் கீழே போய் யாராவது இதயத்தை வைப்பார்களா? எச்சில் துப்பித் துப்பி என் வாய் காய்ந்துவிட்டது.

நீ கீரைக்கு என்ன ஊற்றினாய் என்பதை மறந்தாலும் மறப்பேன். இதை எப்படி மறப்பது? இன்னும் நாலு பேரோடுதான் நான் சாகும்வரை குடிக்க முடியும். புதிதாக என் வயதில் யாரும் பிறக்கப்போவதில்லை.

கயெம்பா


சிகாலா
மார்ச் 16

மாமாவுக்கு,

நேற்று இதை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்.

அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இந்த மாதிரி வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான் முடியும். "எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்பட." மயமிகோ அக்காவும் அப்படித்தான் முடித்திருந்தார். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது, சாம்பல் எவ்வளவு, என்று அவரிடமிருந்து எடுத்ததோடு அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். சொல்லும்போது உங்கள் நினைவே இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அவரிடம் தனியாகக் கேட்டேன். உங்கள் மாமனாரும் அதில்தான் போகிறாரா அக்கா? அவர் குரலிலேயே பதில் அனுப்பினார், சிரிப்போடு:

"அய்யோ தங்கச்சி, உனக்குப் பைத்தியமா? எங்க ஊர்ல மட்டும் அது நடக்குமா? அவருக்கு வீட்டுக்குப் பின்னால தனியா ஒண்ணு இருக்கு. வீடியோல காட்டலை. ரெண்டு இருந்தா பாக்கறதுக்கு நல்லா இருக்காதும்மா."

பார்க்க நல்லா இருக்காதாம். மூன்று மாதம் புற்றின் மேல் நின்று நான் கற்றதில், எனக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும் அழகுக்காக வெட்டி எறிந்திருக்கிறார்கள். நானும் அதையேதான் செய்தேன். மஞ்சள் கேன் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதைத் துணி போட்டு மறைத்துவிட்டு எடுத்தேன் மாமா. என் வீடியோவை மறுபடி பார்க்க முடியவில்லை. அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் மூன்று பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒருவன் பாட்டுச் சேர்த்திருக்கிறான்.

தானியக் குதிருக்குப் பின்னால், உங்கள் பக்கம், தனியாக ஒன்று கட்ட ஆரம்பித்துவிட்டேன். கதவு என் வீட்டைப் பார்க்காது. அத்தை மண் குழைக்கிறார். "இந்த வயசுல என் புருசனுக்கு இதைக் கட்டுறேன், வீடு கட்டுனப்போகூட நான் இவ்வளவு மண்ணு மிதிக்கல" என்கிறார். ஆனால் ஒன்று. அதன் வாளியை நான் தொடக்கூடாது, இப்போது அது எனக்குத் தெரியும். அத்தை தொட மாட்டேன் என்கிறார். நிறைந்ததும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

மசிபோ மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் புரியும்படி புது வீடியோ ஒன்று போடட்டுமா? "எங்க மாமா அதுல போறதே இல்ல" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நலியாகா


தம்பி வீடு
மார்ச் 19

நலியாகா,

வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! ஒரு தடவை ஊர் முன்னால் நான் எங்கே போகிறேன் என்று சொன்னாய், என் குழாய் போயிற்று. இன்னொரு தடவை எங்கே போகவில்லை என்று சொன்னால் நான் இந்த மாவட்டத்தையே விட்டுப் போக வேண்டியதுதான். உன் வாயில் அந்தப் பேச்சே வரக்கூடாது.

இன்று நானே மசிபோவிடம் போனேன். அது பொய், அந்தக் கதவையே நான் தொட்டதில்லை என்று சொன்னேன். நம்புகிறான். ஆனால் நம்பி என்ன பயன் என்கிறான்.

"நடந்துச்சோ நடக்கலையோ, சொல்லியாச்சுல்ல. அழுக்கு ஒட்டிருச்சு. ஆட்டைப் புடி."

ஆடு என்றால் செம்மறி. அறுத்து, இரைப்பையைக் கிழித்து, உள்ளே பாதி செரித்துக் கிடக்கும் புல்லைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து நெற்றியிலும் மார்பிலும் பூசுவார்கள். முற்றத்தில், பெரியவர்கள் முன்னால். எனக்கு மட்டும் என்றால் நான் உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். உனக்கும் பூச வேண்டும். சொன்ன வாயும் சேர்ந்துதான் சுத்தமாக வேண்டும் என்கிறான்.

நீ நைரோபியில் வளர்ந்தவள். என் அப்பா ஒரு தடவை எனக்குப் பூசினார், பச்சையாக, நுரையோடு கழுத்தில் வழியும். நாற்றம் மூன்று நாள் போகாது. உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. மாட்டேன் என்றால் எழுதி அனுப்பு, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். குழாயை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாளியைப் பற்றி. அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆண்பிள்ளை தன்னுடையதைத் தானே சுமந்துகொண்டு நடப்பதா? அதற்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் கிணற்றுக்கு மேல் இனி நான் உட்கார மாட்டேன். நீ ஆட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது நிச்சயம். இதற்குக் கீழே அந்த ஒன்றுக்காகவே கையெழுத்துப் போடுகிறேன். வகுப்பில் டீச்சர் சொன்னார், கையெழுத்துப் போட்டால் பிறகு மாற முடியாது என்று.

கயெம்பா


சிகாலா
மார்ச் 22

மாமாவுக்கு,

ஆட்டைப் பற்றிப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். மீதியை வேலியைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன். பாதி செரித்த புல்லா? சூடாகவா? நான் வாளியையும் கேனையும் தொடுகிறவள், எனக்கு இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. அது வேறு, இது வேறு போலிருக்கிறது. உங்களுக்கு அந்தப் பலகை எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

வருகிறேன். சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை. முற்றத்துக்குள் யாரும் போன் கொண்டுவரக்கூடாது. நானும் கொண்டுவர மாட்டேன்.

குதிருக்குப் பின்னால் சுவர் முடிந்தது, கூரையும் போட்டாயிற்று. கதவுக்கு என்ன நிறம் என்று அத்தை கேட்கிறார். நிறமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நலியாகா


சிகாலா, குதிருக்கு இந்தப் பக்கம்
ஏப்ரல் 2

நலியாகாவுக்கு,

உனக்கும் எனக்கும் நடுவில் இப்போது நாற்பது எட்டுத்தான். நீ கீரைப் பாத்தியில் குனிந்திருப்பது இங்கிருந்து தெரிகிறது. காலையில் "தூங்கினீங்களா மாமா" என்றாய், "தூங்கினேம்மா" என்றேன். வாயால் பேச அவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மசிபோ கை நிறைய அள்ளி உன் நெற்றியில் அப்பியபோது நீ கண்ணை மூடவில்லை. அது கழுத்தில் இறங்கி ரவிக்கைக்குள் போனது. என் அப்பா பூசியபோது நான் அழுதேன், அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருந்தது. நீ முடியும்வரை நின்றுவிட்டு, பிறகுதான் வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். மசிபோவுக்குப் பெரிய திருப்தி. "வாந்தி எடுத்துச்சா? அப்பச் சரியாப் புடிச்சிருக்கு" என்றான். பக்கத்து வீட்டுக்காரி உன்னிடம் கேட்டதும் என் காதில் விழுந்தது.

"இதைப் படம் புடிச்சுப் போட்டா எத்தனை பேரு பாப்பாங்க! ஏன்டி விட்டுட்ட?"

"பாக்கறதுக்கு நல்லா இருக்காது அக்கா" என்றாய். பக்கத்து வீட்டுக்காரி தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. முகத்தில் பச்சை காய்ந்து இழுத்ததால் சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கே என் குழாய் பானைக்குள் போனது. ஐவருக்கும் ஆட்டு நாற்றம். புசாவிலும் அதே நாற்றம். குடித்தோம்.

நீ கட்டிக் கொடுத்ததில் எட்டு நாளாகப் போகிறேன். பிடிக்கவில்லை. சாம்பல் பறந்து கால்சட்டையெல்லாம் வெள்ளை. முன்னால் போக வேண்டியது பின்னால் போய், உன் அத்தையிடம் திட்டு வாங்கினேன். கீழே எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. குழியில் விழுந்தால் அது போய்விடும், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது இது என்னோடுதான் இருக்கிறது. நேற்று மசிபோ பார்க்க வந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீ, சீ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே அரை மணி நேரம் நின்றான். அவன் கிணற்றுக்கும் அவன் குழிக்கும் நடுவே எத்தனை எட்டு என்று கேட்டேன். சாயங்காலம் அவன் முற்றத்தில் எட்டு வைத்து நடந்துகொண்டிருந்ததாக உன் அத்தை சொல்கிறாள்.

வாளி முக்கால்வாசி நிறைந்துவிட்டது. வரும் சனிக்கிழமை தூக்கப்போகிறேன், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது. எவ்வளவு கனம், எவ்வளவு நாற்றம், வழியில் எத்தனை தடவை துப்பினேன் என்று வந்து கை கழுவியதும் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அன்றைக்கு நஞ்சலாவை உன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள். ஜன்னலையும் சாத்து. காற்று உன் பக்கம்தான் அடிக்கிறது.

கயெம்பா